பூனை போச்சு

முதல் தடவை நான் அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போனபோது உள்ளே குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று பாடிக்கொண்டிருந்தது. இன்னொன்று தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினேன். சிரிப்பும் பாட்டும் ஓட்டமும் அந்த நொடியிலேயே நின்றுபோயின. மறுபடி தட்டினேன். ஆளில்லாத வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. என் இடுப்பில் இருந்த மகள் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். குழந்தைகள் அழுதால் எனக்குப் பயம் வராது. உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்தும் சத்தம் வராமல் போனால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்கு அந்த மாடி வராந்தாவில்தான் தெரிந்தது. வேகமாகப் படியிறங்கி வந்துவிட்டேன்.

கீழ்வீட்டுத் தமிழ் ஆன்ட்டி சொல்லித்தான் அங்கே போயிருந்தேன். நடந்ததைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மாவிடம் நேரே போய்க் கதவைத் தட்டக் கூடாதாம். முதலில் போன் செய்ய வேண்டும். மணி அடிக்க ஆரம்பித்ததும் வைத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். அப்போதுதான் எடுப்பார். அப்படியே செய்தேன். கதவு ஒரு முகம் தெரிகிற அளவுக்குத் திறந்தது. அந்த முகம் முதலில் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தது.

பிலிப்பைன்ஸ்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உருவம், காதோடு வெட்டிய முடி, நடந்தால் சத்தம் வராத துணிச் செருப்பு. சான்டா கிளாராவில் எங்கள் அபார்ட்மென்டிலேயே வேறு இரண்டு பெண்களோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டு, பகலில் நாலைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பாஷையில் அக்காவுக்கு ‘ஆத்தே’ என்று பெயர். எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் திடுக்கென்று பயம் வந்தால் வாயில் வருகிற வார்த்தை அது.

எனக்கு எச்-4 விசா. கணவரோடு இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. ஆனாலும் ஓர் இந்திய ரெஸ்டாரன்ட் சமையலறையில் பகல் நேரத்தில் மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தனியாக இருந்து பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டதால் போனேன். அந்த நேரத்துக்கு மகளை ஆத்தேயிடம் விட்டேன். நான் எங்கே போகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. ஒரு நாள் என் சட்டையில் உளுந்து மாவு ஒட்டியிருப்பதைப் பார்த்துத் துடைத்துவிட்டு, முன்வாசல் வழியாகப் போகிறாயா, பின்வாசலா என்று மட்டும் கேட்டார். பின்வாசல் என்றேன். நல்லது என்றார். எங்களுக்குள் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

அவரைப் போல் ஒளிந்து வாழ்ந்தவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் ஜன்னல் பக்கம் நடக்க மாட்டார், சுவரோரமாகத்தான் நடப்பார். யாராவது கேமராவை எடுத்தால் அந்த இடத்தில் இருக்க மாட்டார். மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு ரோல் முழுக்கப் படம் எடுத்தோம். கேக்கைப் பிடித்த கை அவருடையது என்று எங்களுக்கு மட்டும் தெரியும். தெருவில் வண்டியே வராவிட்டாலும் பச்சை விளக்கு எரியாமல் சாலையைக் கடக்க மாட்டார். பஸ்ஸில் இறங்குகிற வரைக்கும் டிக்கெட்டைக் கையில் நீட்டியபடிதான் உட்கார்ந்திருப்பார். அந்த ஊர்ச் சட்டத்தை அத்தனை மரியாதையோடு கடைப்பிடித்தவர் அந்த அபார்ட்மென்டில் வேறு யாரும் இல்லை.

டூரிஸ்ட் விசாவில் வந்து தங்கிவிட்டவர் என்று பிறகு அவரே சொன்னார். தன்னைப் போன்றவர்களை அவர்கள் பாஷையில் ‘தாகோ நாங் தாகோ’ என்பார்களாம். ஒளிந்துகொண்டே இருப்பவர் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. உன்னைத் தெரிந்தவர் நாலு பேர் என்றால், ஐந்தாவது ஆள் ஆபீசர்.

குழந்தைகளுக்கு அவர் ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தார். யாராவது கதவைத் தட்டினால் பூனை வந்துவிட்டது என்று அர்த்தம். குழந்தைகளெல்லாம் எலிகள். எங்கேயாவது போய் ஒளிந்து, வாயைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது, ஏனென்றால் பூனை குரலை மாற்றிக்கொண்டு கூப்பிடும். ஆத்தே வந்து பூனை போய்விட்டது என்று சொல்கிற வரைக்கும் அசையாமல் இருக்கிற எலிதான் ஜெயித்தது. அதற்கான தமிழ்ச் சொற்களை என் மகளிடமிருந்தே கற்றுக்கொண்டிருந்தார். ‘பூனே போச்சி’ என்பார்.

இது எங்களுக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை பார்சல்காரர் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போனார். பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினால் தரையில் படம் வரைந்துகொண்டிருந்த மகளைக் காணோம். கூப்பிட்டால் பதில் இல்லை. அலமாரி, பாத்ரூம், கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடி, கடைசியில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் பார்த்தோம். முழங்காலைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் எங்களைப் பார்த்தது. தூக்கிய பிறகும் கையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

“இதென்ன விளையாட்டு? யார் சொல்லிக்கொடுத்தது?” என்றார் என் கணவர்.

ஆத்தே சொல்லிக்கொடுத்தது என்று மகள் சொன்னதும், அவளை அங்கே விடுவதை அன்றைக்கே நிறுத்திவிடலாம் என்றார். வேறு யாரிடம் விடுவது என்று நான் சமாதானம் சொன்னேன். அதோடு, மகளுக்கு ஆத்தேயை உயிருக்கு உயிராகப் பிடித்திருந்தது. அவர் மடியில்தான் தூங்குவாள், அவர் ஊதிக் கொடுத்தால்தான் சூடான சோறு உள்ளே போகும். இப்படியே இன்னும் சில மாதங்கள் போயின.

2001 வசந்தத்தில் எங்களைச் சுற்றி எல்லாருக்கும் வேலை போய்க்கொண்டிருந்தது. ஏப்ரலில் என் கணவருக்கும் போயிற்று. அவருடைய விசா அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போன மறுநாளிலிருந்து நாங்கள் சட்டப்படி இருக்கிறோமா இல்லையா என்று கேட்டால் வக்கீலுக்கு வக்கீல் வேறு வேறு பதில் சொன்னார்கள். ஒருத்தர் கொஞ்ச நாள் சமாளிக்கலாம் என்றார். இன்னொருத்தர் மூட்டையைக் கட்டுங்கள் என்றார். கணவர் நாள் முழுக்க ரெசுமே அனுப்பிக்கொண்டிருந்தார். அபார்ட்மென்ட் வாசலில் வெள்ளைக் கார் நின்றால்கூட, இமிக்ரேஷன் ஆபீசரோ என்று திரையை விலக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

ஆத்தேயிடம் சொன்னேன். எப்போதும் போல ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இனிமே நீங்களும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்களையும் ஒளிய வேண்டியவர்களில் சேர்த்துவிட்டார் என்று புரிந்தது.

அதற்குப் பிறகு எங்களோடு அவர் நெருக்கமானார். மே மாதத்தில் ஒரு நாள், தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்காதவர், ஒன்று கேட்டார். ஸ்டாக்டனுக்குக் காரில் கூட்டிப்போக முடியுமா?

அவருடைய தாத்தா இளவயதில் பிலிப்பைன்ஸிலிருந்து கப்பலேறி வந்து ஸ்டாக்டனைச் சுற்றியிருந்த வயல்களில் அஸ்பாரகஸ் தண்டு அறுத்தவர். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கிளம்பியவர் திரும்பிப் போகவே இல்லை. அந்தப் பிள்ளைதான் ஆத்தேயின் அம்மா. அப்பாவைப் பார்த்ததே இல்லை. அப்பா தங்கியிருந்த ஹோட்டலின் பெயர் மட்டும் அந்த வீட்டில் மனப்பாடம். லிட்டில் மணிலா என்று சொல்லப்பட்ட அந்தப் பகுதியில் பாதியை ஃப்ரீவே நெடுஞ்சாலை போடுவதற்காக இடித்துவிட்டார்கள், மிச்சத்தையும் இடித்துக்கொண்டிருக்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வார இறுதியில் அந்தப் பழைய கட்டடங்களை நடந்து சுற்றிக்காட்டுகிறார்கள் என்று பிலிப்பைன்ஸ் கடையில் யாரோ பேசியதை அவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. ஒவ்வொரு போனிலும் அம்மா கேட்பது ஒரே கேள்விதானாம்: அப்பா இருந்த ரூமில் ஜன்னல் இருந்ததா?

என் கணவருக்கு இஷ்டமில்லை. இருக்கிற நிலைமையில் வெளியூர் எதற்கு என்றார். போகிற வழியில் லிவர்மோர் கோயிலுக்குப் போய் வேலைக்காக ஓர் அர்ச்சனை செய்துவிடலாம் என்று நான் சொன்ன பிறகே ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். ஆத்தே தலையில் துணித் தொப்பி, கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். பின்சீட்டில் மகளோடு உட்கார்ந்து, பக்கத்து லேனில் போலீஸ் கார் தெரிந்தபோதெல்லாம் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கோயிலில் அர்ச்சகர் எங்கள் பெயர், நட்சத்திரம் எல்லாம் கேட்டுவிட்டு, கூட வந்தவர் என்று அவரையும் பார்த்துப் பெயர் கேட்டார். ஆத்தே கும்பிட்டபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டார். அர்ச்சகர் குழம்பிப்போய் எங்களைப் பார்த்தார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்று நான் சொல்லி வைத்தேன்.

அல்டமான்ட் மலையில் காற்றாலைகளைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியதும் வெயில் ஏறியது. ஸ்டாக்டன் போய்ச் சேர்ந்து அந்தத் தெருவைக் கண்டுபிடித்தபோது, இதைப் பார்க்கவா வந்தோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு பக்கம் தூண்கள் மேல் ஃப்ரீவே ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே காலி மனைகள், புல், உடைந்த பாட்டில். நடுநடுவே பழைய செங்கல் கட்டடங்கள் நின்றன. கீழே கடைகள், மேலே சின்னச் சின்ன அறைகள் கொண்ட மூன்று மாடி. தெருவைப் பார்த்துப் பிதுங்கிய ஜன்னல்கள், உச்சியில் தகரத்தால் செய்த வேலைப்பாடு, பக்கச் சுவரில் வெளுத்துப்போன எழுத்தில் முடிவெட்டும் கடை விளம்பரம். ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருந்தார்கள்.

சுற்றிக்காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். எங்களோடு இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அந்தக் காலத்தில் ஊரின் நல்ல ஹோட்டல்களில் பிலிப்பைன்ஸ்காரர்களை உள்ளே விட மாட்டார்கள் என்றும், அதனால் இந்த ஒரு தெருவில்தான் சாப்பாடு, நடனம், முடிவெட்டு, தூக்கம் எல்லாம் என்றும் சொன்னாள். சில இரவுகளில் வெள்ளைக்கார ஆட்கள் கூட்டமாக அடிக்க வருவார்களாம். அப்போது மேல் மாடிகளில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்களாம். அவர்கள் முறையான தாள்களோடு வந்தவர்கள், அப்படியும் ஒளிய வேண்டியிருந்தது என்றாள். நான் ஆத்தேயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

தாத்தாவின் ஹோட்டல் தெருக்கோடியில் இருந்தது. முன்கதவில் பூட்டு. பக்கவாட்டில் ஒரு வாசலுக்குப் பலகை அடித்து, கீழ் மூலையில் பலகை சற்றே பெயர்ந்திருந்தது. தெருப்பக்கத்து அறைகளுக்குத்தான் ஜன்னல் உண்டு, நடுவில் இருக்கும் அறைகளுக்குக் காற்று வருவதற்கென்று விட்ட குறுகலான இடைவெளிதான், வெளிச்சமே வராது என்று அந்தப் பெண் சொன்னாள். ஆத்தே தெருவுக்கு நடுவில் போய் நின்று அண்ணாந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்க ஆரம்பித்தார். இதில் எது என்று யாரிடமும் கேட்க முடியாது. அவர் அப்படித் திறந்த வெளியில், வெயிலில், யாரைப் பற்றியும் கவலையில்லாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

அப்போது அந்தப் பெண், கதவு எவ்வளவு கனமான மரம் பாருங்கள் என்று சொல்லி, முன்கதவைக் கை முஷ்டியால் ஓங்கித் தட்டினாள். மூன்று தட்டு. உள்ளே காலியாக இருந்ததால் சத்தம் கட்டடம் முழுக்கப் போய் அதிர்ந்தது.

மகள் ஆத்தேயிடம் இருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். என்னிடம் இருக்கிறாள் என்று ஆத்தே நினைத்திருந்தார். எல்லாரும் அடுத்த கட்டடத்துக்கு நகர்ந்தபோதுதான் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம்.

கணவர் காருக்கு ஓடினார். அங்கே இல்லை. நான் தெருமுனைக்கு ஓடினேன். முனையைத் தாண்டினால் ஃப்ரீவேக்கு ஏறுகிற சரிவு, அதில் லாரிகள். “காவ்யா, காவ்யா” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சல். மற்றவர்கள் காருக்கு அடியிலும் குப்பைத் தொட்டிக்குப் பின்னாலும் தேடினார்கள். ஒரு வேன் அந்தப் பக்கமாகப் போனது என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டதும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆத்தே மட்டும் ஓடவில்லை. அவர் அந்த முன்கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து குனிந்து, மெதுவாக, “யாரோ கதவைத் தட்டினாங்க” என்றார். எனக்குப் புரியவில்லை. “பாப்பா ஒளிஞ்சிருக்கா. நீ கூப்பிட்டா வர மாட்டா.”

பக்கவாட்டு வாசலுக்கு ஓடி, பலகை பெயர்ந்திருந்த மூலையில் முகத்தை வைத்து உள்ளே கூப்பிட்டார். பூனே போச்சி, பூனே போச்சி என்று திரும்பத் திரும்ப. உள்ளே இருட்டு. சுற்றிக்காட்டிய பெண் முகமெல்லாம் வெளிறி, உள்ளே பல இடங்களில் தரை இற்றுப்போயிருக்கிறது, கீழே பேஸ்மென்ட் இருக்கிறது என்றாள். பலகையை நாங்கள் இழுத்துப் பார்த்தோம். குழந்தை நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது. அதற்கு மேல் அசையவில்லை.

நான் கணவரின் சட்டையைப் பிடித்தேன். “ஏங்க, போலீஸுக்குப் போன் பண்ணுங்க.”

அவர் கையில் போன் இருந்தது. “இரு, ஒரு நிமிஷம் இரு. அவங்க வந்தா பேப்பர் கேப்பாங்க. நாமளே பலகையைப் பேத்துரலாம். ஒரு கம்பி கெடச்சாப் போதும்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். நானும்தான் பயந்திருந்தேன். இரண்டு பயத்தில் எது பெரியது என்று தெரியாமல் நாங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில் குறுக்குத் தெருவில் ஒரு போலீஸ் கார் வந்தது. எங்களுக்காக வரவில்லை, வழக்கமான ரோந்து. திரும்பாமல் நேரே போகப்போகிறது என்று தெரிந்தது. ஆத்தே தொப்பியை எடுத்துக் கீழே போட்டார். நடைபாதையிலிருந்து இறங்கி ஓடினார். சாலைக்கு நடுவில் போய், வருகிற காருக்கு முன்னால், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். கார் கிறீச்சிட்டு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இறங்கிய அதிகாரி உயரமான ஆள். ஆத்தே அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார். அதிகாரி பின்பெட்டியிலிருந்து கடப்பாரை மாதிரி ஒன்றை எடுத்துவந்து பலகையைப் பெயர்த்தார். டார்ச்சை அடித்துக்கொண்டு, எல்லாரும் வெளியே நில்லுங்கள் என்று சொல்லி உள்ளே ஒரு காலை வைத்தார். ஆத்தே அவர் முதுகைத் தொட்டு நிறுத்தினார். உங்களைப் பார்த்தால் குழந்தை இன்னும் உள்ளே போய்விடும், நான் கூப்பிட்டால்தான் வரும் என்றார்.

“நீங்க யாரு? குழந்தைக்கு என்ன உறவு? பேர் என்ன?” என்று அதிகாரி கேட்டார்.

ஆத்தே தன் பெயரைச் சொன்னார். முன்பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர். அதிகாரிக்குப் புரியாததால் ஒவ்வொரு எழுத்தாகவும் சொன்னார். இரண்டு வருடமாக எங்கள் குழந்தையை வளர்த்தவரின் முழுப்பெயரை அப்போதுதான் நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நான் கால் வைக்கிற இடத்தில் மட்டும் நீங்களும் வையுங்கள் என்று அதிகாரி சொல்ல, இரண்டு பேரும் உள்ளே போனார்கள். டார்ச் வெளிச்சம் கொஞ்ச தூரம் தெரிந்து மறைந்தது. மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. என் கணவர் என் தோளைப் பிடித்திருந்தது வலித்தது. உள்ளிருந்து ஆத்தேயின் குரல் மட்டும் வந்தது. பாட்டுப் பாடுவதுபோல, அவசரமே இல்லாமல், “பூனே போச்சி, பாப்பா. பூனே போச்சி.” கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி அதே குரல், இன்னும் உள்ளேயிருந்து.

பிறகு மகளின் குரல் கேட்டது. தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி இருந்தது.

“ஐ வின், ஆத்தே?”

“யெஸ்,” என்றார் ஆத்தே. “யூ வின்.”

ஹோட்டல் ஆபீஸாக இருந்த இடத்தில், சாவி மாட்டுகிற பலகைக்கு முன்னால் ஒரு மேடை இருந்ததாம். அதற்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அங்கிருந்து ஓரடி தள்ளித் தரையில் பெரிய ஓட்டை. தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது இரண்டு பேர் தலையிலும் முகத்திலும் தூசி. மகள் என்னிடம் வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுததில் பயந்து அவளும் அழுதாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சத்தமாக அழுதாள். அந்தச் சத்தம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

அதிகாரி எங்கள் வீட்டு முகவரி, போன் நம்பர் கேட்டார். கணவர் லைசென்ஸைக் கொடுத்தார். ஆத்தேயிடம் முகவரி கேட்டபோது அவர் உண்மையான முகவரியையே சொன்னார். எல்லாம் எழுதிக்கொண்டு, குழந்தைக்கு நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பேப்பர் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் டிரேசி பக்கம் பெட்ரோல் போட நிறுத்தினோம். ஆத்தே இறங்கிப் போய் அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் காலிங் கார்டைப் போட்டு ஊருக்குப் பேசினார். சத்தமாகப் பேசினார். இடையில் சிரித்தார். முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மேல்மாடிக்குப் போக முடியவில்லை, எந்த ரூம் என்றும் தெரியாது, ஆனால் ஜன்னல் இருந்தது, காலையில் நல்ல வெளிச்சம் வரும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்றார். கார் கிளம்பிய பிறகு, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். மடியில் தூங்குகிற குழந்தையின் வாயருகே ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மத்தியானம் அவராகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்குப் புதிய விளையாட்டு ஒன்று சொல்லித்தந்தார். யாராவது பெயரைக் கூப்பிட்டால் எங்கே இருந்தாலும், தொண்டை கிழிய, நான் இங்கே இருக்கிறேன் என்று கத்த வேண்டும். யார் அதிகச் சத்தம் போடுகிறார்களோ அவர்தான் ஜெயித்தது. மாலை வரைக்கும் அதையே விளையாடினார்கள். மகள் கத்தின கத்தலில் கீழ்வீட்டு ஆன்ட்டி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார். போகும்போது ஆத்தே மகளின் உச்சியில் மூக்கை வைத்து மோந்தார். என்னிடம், “பயப்படாதே, எனக்குப் பழக்கம்தான்” என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அவர் குனிந்து மகளை மறுபடி ஒரு தடவை மோந்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் போன் அடித்தேன், வைத்தேன், மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் கூட இருந்த பெண்களில் ஒருத்தி கதவைத் திறந்தாள். விடியுமுன்னே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றாள். எங்கே என்று தெரியாதாம். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். மற்றக் குழந்தைகளின் பெற்றோர்கள் வராந்தாவில் பிள்ளைகளோடு நின்று, இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகலாமா என்று கோபப்பட்டார்கள்.

அன்றிலிருந்து நாங்கள் காத்திருந்தோம். அவருடைய பெயரும் முகவரியும் ஒரு போலீஸ்காரரின் கையில் இருந்தன. எங்களுடையதும் இருந்தது. படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் சமையலை அப்படியே விட்டுவிட்டு நிற்பேன். கணவர் பாஸ்போர்ட்டுகளையெல்லாம் ஒரே பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். ரெஸ்டாரன்டுக்குப் போவதை விட்டேன். மே முடிந்தது. ஜூன் முடிந்தது. ஜூலையில் கணவருக்கு டல்லாஸில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அவர்கள் விசா மனு போட்டு, அதிலும் கொஞ்சம் இழுபறியாகி, கடைசியில் நேராயிற்று. வீட்டைக் காலி செய்த அன்று அந்த மாடி வீட்டுப் பெண்ணிடம் மறுபடி போய்க் கேட்டேன். ஆத்தேயைத் தேடி எந்த ஆபீசரும் வந்தாரா? ஒருத்தரும் வரவில்லை என்றாள். ஒரு போன்கூட வரவில்லையாம். அந்த ஸ்டாக்டன் அதிகாரி அன்று எழுதிக்கொண்ட பெயரை அடுத்த நாளே மறந்திருப்பார்.

அதற்குப் பிறகு டல்லாஸில், ஹூஸ்டனில், எங்கே பிலிப்பைன்ஸ் கடையைப் பார்த்தாலும் நான் உள்ளே போவேன். ஏதாவது சின்னதாக வாங்கிக்கொண்டு, கல்லாவில் நிற்பவரிடம் அவரைப் பற்றி விசாரிக்க வாய் எடுப்பேன். விசாரித்தால் அவரைத் தெரிந்தவர் இன்னும் ஒருத்தர் கூடிவிடுவாரே என்று பேசாமல் திரும்பிவிடுவேன். யாரும் தேடி வரவில்லை, நீங்கள் ஓடியிருக்கவே வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வழியே இல்லை.